வவுச்சர் கேட்ட வாத்தியார்

காலையில் ஷேவ் செய்யும்போது கையிலிருக்கும் ரேஸரை ஒரு நிமிடம் திருப்பிப் பாருங்கள். 'மாக் 3' என்று போட்டிருக்கிறதா? உங்கள் வீட்டில் வேறு பிராண்டு என்றால் பரவாயில்லை, மளிகைக் கடைக் கண்ணாடி அலமாரியில் தொங்கும். கான்கார்ட் விமானம் 2003-ல் ரிட்டயர் ஆகும்வரை 'மாக் 2' வேகத்தில், அதாவது ஒலியைப்போல இரண்டு மடங்கு வேகத்தில், அட்லாண்டிக்கைத் தாண்டிக்கொண்டிருந்தது.

ரேஸரிலும் விமானத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த மாக் ஓர் ஆசாமியின் பெயர். எர்ன்ஸ்ட் மாக். 1838-ல் இன்றைய செக் குடியரசில் இருக்கும் பர்னோ நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். ஆரம்பத்தில் சேர்த்த பாதிரிமார் பள்ளிக்கூடத்தில், 'பையனுக்குப் படிப்பு ஏறாது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டிலேயே அப்பா சொல்லிக்கொடுத்தார். நடுவில் தச்சு வேலையும் கற்றுக்கொண்டார். படிப்பு ஏறாத அந்தப் பையன்தான் பின்னால் பிராக் நகரில் 28 வருடம் இயற்பியல் பேராசிரியர். அதற்கப்புறம் 1895-ல் வியன்னா பல்கலைக்கழகம் கூப்பிட்டு உட்கார வைத்தது தத்துவ நாற்காலியில்!

இந்த மனிதரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் பி.காம். அதுதான் தகுதி. காமெடி இல்லை, நிஜமாகவே. மாக் 1883-ல் எழுதிய மெக்கானிக்ஸ் புத்தகத்தை ஆங்கிலத்தில் படித்தபோது, நடுவில் வரும் சமன்பாடுகளை எல்லாம் தாண்டிக் குதித்துவிட்டேன். ஆனால் அவர் சொல்ல வருகிற அடிப்படை விஷயம் எனக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. இரண்டாம் வருடம் அக்கவுன்டன்ஸி வகுப்பில் கேட்டது!

விஞ்ஞானம் என்பது ஒரு சிக்கன ஏற்பாடு என்கிறார் மாக். தண்ணீரில் குச்சியை விட்டால் வளைந்து தெரிகிறது. இந்தக் கோணத்தில் விட்டால் இவ்வளவு, அந்தக் கோணத்தில் விட்டால் அவ்வளவு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ள ஆரம்பித்தால் ஆயுள் போதாது. எனவே 'ஒளிவிலகல் விதி' என்று ஒற்றை வரி எழுதி வைத்துக்கொள்கிறோம். அந்த ஒரு வரியையும் ஓர் எண்ணையும் வைத்துக்கொண்டு, எந்தக் கோணத்தையும் தேவைப்படும்போது கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். விதி என்பது இவ்வளவுதான். லட்சம் அனுபவங்களின் சுருக்கம். நாள் முழுக்க நடந்த வியாபாரத்தைப் பேரேட்டில் ஒரு வரியில் ஏற்றுகிறோமே, அந்த மாதிரி.

இதில் அவர் வைக்கும் ஊசி எங்கே என்றால், பேரேட்டில் இருப்பது கடையில் நடந்ததைவிட அதிகமாக இருக்க முடியாது. இயற்கை விதி என்பது இயற்கையின் நெஞ்சுக்குள் எழுதி வைத்த ரகசியம் ஒன்றும் இல்லை. நாம் எழுதிக்கொண்ட குறிப்பு. ஆகவே எந்த விதியைக் காட்டினாலும் மாக் கேட்பது ஒரே கேள்வி: 'வவுச்சர் எங்கே?'

நம் பள்ளிப் புத்தகங்களில் 'ஆர்க்கிமிடீஸ் தத்துவம்', 'நெம்புகோல் தத்துவம்' என்றெல்லாம் படித்தோம், ஞாபகம் இருக்கிறதா? பிளேட்டோ சொன்னதும் தத்துவம், தண்ணீர்த் தொட்டியில் நடப்பதும் தத்துவம். மாக்கின் மொத்தச் சண்டையும் இந்த இடத்தில்தான். அனுபவத்தில் அடிபட்டு, தேய்ந்து, சம்பாதித்த ஒரு விஷயத்தை எடுத்து, அதற்குப் பட்டு வேட்டி கட்டி, 'இது தானாகவே விளங்கும் உண்மை, இதற்குச் சாட்சி வேண்டாம்' என்று மேடையில் ஏற்றிவிடுகிறார்கள். இறக்கு கீழே என்கிறார் மாக்.

யாரை முதலில் இறக்குகிறார் தெரியுமா? ஆர்க்கிமிடீஸை!

சமமான தூரத்தில் சமமான எடைகளைத் தொங்கவிட்டால் தராசு நிற்கும். இதை நிரூபிக்கவே வேண்டாம் என்று ஆர்க்கிமிடீஸ் எடுத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்போது தராசு இந்தப் பக்கம் சாய என்ன காரணம், அந்தப் பக்கம் சாய என்ன காரணம்? ஒன்றுமில்லை. ஆகவே நிற்கும். கேட்கும்போது எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

மாக் கேட்கிறார்: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்று யார் சொன்னது? ஒரு தட்டு சிவப்பு, ஒரு தட்டு பச்சை என்றால்? நான் இடது பக்கம் நின்று பார்க்கிறேன் என்றால்? பக்கத்து அறையில் ஏதோ நடக்கிறதே, அது? இதெல்லாம் தராசைப் பாதிக்காது, எடையும் தூரமும் மட்டும்தான் பாதிக்கும் என்று உனக்கு எப்படித் தெரிந்தது? வாழ்நாள் பூராவும் பொருள்களைத் தூக்கி, சாய்த்து, கீழே போட்டு உடைத்துத் தெரிந்துகொண்டாய். அந்த அனுபவத்தை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டு, 'வெறும் மூளையாலேயே கண்டுபிடித்தேன்' என்று சொன்னால் எப்படி?

(பிற்பாடு சில கணித வரலாற்றாசிரியர்கள் வந்து, மாக் ஆர்க்கிமிடீஸ் விஷயத்தில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார் என்று வாதாடினார்கள். நிரூபணத்தின் அடுத்த கட்டத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேலே சொன்ன முதல் அடி மட்டும் பலமான அடிதான்.)

புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஸ்டெவின். சைமன் ஸ்டெவின் என்ற ஃப்ளாண்டர்ஸ்காரர் 1586-ல் ஒரு படம் போட்டார். ஒரு முக்கோணக் கட்டை. ஒரு சரிவு நீளம், இன்னொரு சரிவு அதில் பாதி. அதன்மேல் 14 உருண்டைகள் கோத்த மாலை ஒன்றைப் போட்டிருக்கிறார். நீளச் சரிவில் 4 உருண்டை, குட்டைச் சரிவில் 2, மீதி 8 கீழே தொங்குகிறது. மாலை நகருமா?

நகர்ந்தால் என்ன ஆகும்? ஓர் உருண்டை அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் ஓர் உருண்டை வந்து அதே இடத்தை நிரப்பும். மறுபடி பழைய நிலைமை. ஆகவே மறுபடி நகரும். ஆகவே நகர்ந்துகொண்டே இருக்கும், யாரும் தள்ளாமல், காலாகாலத்துக்கும். அது நடக்கிற காரியமா? இல்லை. ஆகவே மாலை நகராது. கீழே தொங்கும் 8 இரண்டு பக்கமும் சமமாகத்தான் இழுக்கிறது, அதை வெட்டிவிடலாம். மிச்சம்? 4 உருண்டையை 2 உருண்டை தாங்கி நிற்கிறது! சாய்தளத்தின் விதி கையில் வந்துவிட்டது. ஒரு சோதனைகூடச் செய்யவில்லை. ஸ்டெவினே பூரித்துப்போய் இந்தப் படத்தைத் தன் புத்தகத்தின் முகப்பில் போட்டுக்கொண்டார்.

இங்கே மாக் சண்டை போடவில்லை. ரசிக்கிறார். ரசித்துவிட்டு மெதுவாகக் கேட்கிறார்: 'தானாக ஓடிக்கொண்டே இருக்கும் மாலை கிடையாது' என்று உள்ளுக்குள் ஒன்று அடித்துச் சொல்லியதே, அது எங்கிருந்து வந்தது? பிறந்ததிலிருந்து அப்படி ஒன்றை நாம் பார்த்ததே இல்லை. நம் பாட்டன் பூட்டன் பார்த்ததில்லை. பார்த்திராத அனுபவம் சேர்ந்து சேர்ந்து, எங்கிருந்து வந்தது என்பதே மறந்துபோய், உள்ளுணர்வு என்று பெயர் வாங்கிவிட்டது. சமையலில் உப்பு எவ்வளவு என்று கேட்டால் அம்மாக்கள் 'கை சொல்லும்' என்பார்களே... கைக்கு யார் சொன்னது?

அடுத்து நியூட்டன். பொருளின் நிறை என்றால் என்ன? அடர்த்தியைக் கன அளவால் பெருக்கினால் வருவது என்றார் நியூட்டன். சரி, அடர்த்தி என்றால் என்ன? நிறையைக் கன அளவால் வகுத்தால் வருவது. அதாவது ராமன் யார் என்றால் லட்சுமணனின் அண்ணன், லட்சுமணன் யார் என்றால் ராமனின் தம்பி! இருநூறு வருடமாக இதைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர்களுக்கு மாக் இதை எடுத்துச் சொன்னபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நியூட்டனின் வாளி விவகாரம் இன்னும் பெரிசு. தண்ணீர் நிரப்பிய வாளியைக் கயிற்றில் தொங்கவிட்டு, கயிற்றை நன்றாக முறுக்கிவிடுங்கள். வாளி சுற்றும். முதலில் தண்ணீர் மட்டமாகத்தான் இருக்கும். போகப் போகத் தண்ணீரும் சேர்ந்து சுற்ற ஆரம்பித்ததும் நடுவில் குழிந்து ஓரத்தில் ஏறும். இப்போது வாளியும் தண்ணீரும் ஒரே வேகம். வாளியை வைத்துப் பார்த்தால் தண்ணீர் சும்மா இருக்கிறது. ஆனாலும் குழிந்திருக்கிறதே, ஏன்? வாளியை வைத்து அல்ல, பிரபஞ்சம் பூராவும் அசையாமல் பரந்திருக்கும் 'தனிப்பெரும் வெளி' ஒன்றை வைத்துத் தண்ணீர் சுற்றுகிறது. அதனால்தான் என்றார் நியூட்டன். 1687-ல் சொன்னது. வேதவாக்கு ஆகிவிட்டது.

மாக் கேட்டார்: அந்த வெளியை யாராவது எதையாவது வைத்து அளந்திருக்கிறீர்களா? வாளியைச் சுற்றிப் பூமி இருக்கிறது, வானம் பூராவும் நட்சத்திரம் இருக்கிறது. அவற்றை வைத்துத் தண்ணீர் சுற்றுகிறது என்று சொன்னால் போதாதா? வாளியின் சுவர் பல மைல் கனமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களில் யாருக்குத் தெரியும்? மெல்லிசு வாளியை வைத்துச் செய்த ஒரு சோதனையிலிருந்து பிரபஞ்சத்துக்கே ஒரு எசமானரைக் கொண்டு வந்துவிட்டீர்களே!

இந்தக் கேள்வி சும்மா போகவில்லை. ஜூரிச்சில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவனிடம் அவன் நண்பன் பெஸ்ஸோ இந்தப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னான். மாணவன் பெயர் ஐன்ஸ்டைன். மெக்கானிக்ஸ்தான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் என்ற நம்பிக்கையை முதலில் ஆட்டியது மாக்தான் என்று வயதான பிறகும் எழுதினார். 'இரண்டு ஊர்களில் ஒரே நேரத்தில் இரண்டு சம்பவம் நடந்தது என்கிறீர்களே, ஒரே நேரம் என்று எந்தக் கடிகாரத்தை வைத்து எப்படிப் பார்த்தீர்கள்?' என்று 1905-ல் ஐன்ஸ்டைன் கேட்டதுதான் சார்பியலின் ஆரம்பம். கேள்வியின் தொனியைக் கவனியுங்கள். அசல் மாக்!

ஆக, இதுவரைக்கும் நம் ஹீரோ மாக். இனிமேல்தான் எனக்கு அவரோடு தகராறு.

முதல் தகராறு, அக்கவுன்ட்ஸ் தகராறு. பேரேடு நேற்று நடந்ததைச் சொல்லும். நாளைக்கு என்ன வியாபாரம் ஆகும் என்று சொல்லாது. ஆனால் விஞ்ஞான விதி நாளையைச் சொல்கிறது! யுரேனஸ் கிரகம் நியூட்டன் கணக்குப்படி ஓடாமல் உதைத்தது. பிரெஞ்சுக்காரர் லெவெரியே உட்கார்ந்து கணக்குப் போட்டு, 'யாரோ ஒருத்தன் வெளியிலிருந்து இழுக்கிறான், இந்த இடத்தில் பாருங்கள்' என்று பெர்லினுக்குக் கடிதம் எழுதினார். 1846 செப்டம்பர் 23 ராத்திரி பெர்லினில் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிகூடத் தள்ளாமல் நெப்டியூன். பழைய வரவு செலவின் வெறும் சுருக்கம், யாருமே பார்க்காத ஒரு பார்ட்டியைக் காட்டிக்கொடுக்குமா? விதிக்குள் சிக்கனத்தைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் இருக்கிறது. எண்ணங்கள் உண்மைகளுக்குத் தக்கபடி தங்களைப் பழக்கிக்கொள்கின்றன, உயிரினங்கள் சூழலுக்குப் பழகுகிற மாதிரி என்று மாக் ஒரு சமாதானம் சொல்கிறார். டார்வின் காலத்து ஆள், அப்படித்தான் சொல்வார். எனக்குப் போதவில்லை.

அவசரப்பட்டு லெவெரியேக்கு மாலை போட்டுவிடாதீர்கள். அதே மனிதர் 1859-ல் புதன் கிரகமும் கொஞ்சம் உதைக்கிறது என்று பார்த்துவிட்டு, அதே வித்தையை மறுபடி செய்தார். சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு கிரகம் இருக்கிறது என்றார். அதற்கு வல்கன் என்று நாமகரணம்கூட ஆனது. பல வருடம் தேடினார்கள். ம்ஹூம். அப்படி ஒன்று இல்லவே இல்லை. புதன் ஏன் அப்படி ஓடுகிறது என்பதை 1915-ல் ஐன்ஸ்டைன்தான் வேறு வழியில் விளக்கினார். ஒரே ஆள், ஒரே முறை. ஒரு தடவை நிஜப் பார்ட்டி, ஒரு தடவை பினாமி! மாக் ஏன் சந்தேகப்பட்டார் என்பது இப்போது புரிகிறதல்லவா?

இரண்டாவது தகராறுதான் பெரியது. அணு.

பி.காம். படித்தவர்களுக்கு குட்வில் தெரியும். கம்பெனியின் ஐந்தொகையில் சொத்துப் பக்கத்தில் கட்டடம், இயந்திரம், சரக்கு இதெல்லாம் வரும். அவற்றோடு சில கம்பெனிகளில் 'குட்வில்: இத்தனை லட்சம்' என்று ஒரு வரியும் வரும். குட்வில்லை யாரும் பார்த்ததில்லை. பூட்டி வைக்க முடியாது. கணக்கை ஒழுங்காக முடிப்பதற்கு அது தேவை, அவ்வளவுதான். மாக் அணுவை இந்த மாதிரிதான் பார்த்தார். வேதியியல்காரர்களுக்குக் கணக்குப் போட சௌகரியமாக இருக்கிறதா, எழுதிக்கொள்ளட்டும். ஆனால் குடோனில் இருக்கிறது என்று சொல்லாதே! யாராவது அணு என்று வாயெடுத்தால், வியன்னா கொச்சையில், 'ஒண்ணையாவது பார்த்திருக்கீரா?' என்று கேட்பாராம்.

எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் லுட்விக் போல்ட்ஸ்மன். வெப்பம் என்பதே கோடானுகோடி அணுக்களின் ஓட்டம்தான் என்று, தன் வாழ்க்கை முழுவதையும் குடோனில் அந்தச் சரக்கு இருக்கிறது என்ற நம்பிக்கையில் முதலீடு செய்தவர். வியன்னா அறிவியல் கழகத்தில் ஒரு நாள் நாலு பேர் அணுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அணு இருப்பதாகத் தான் நம்பவில்லை என்று மாக் பட்டென்று சொன்னாராம். அந்த வாக்கியம் தன் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது என்று போல்ட்ஸ்மன் பிற்பாடு சொல்லியிருக்கிறார். பக்கவாதம் வந்து மாக் 1901-ல் ஓய்வு பெற்றார். 1903-ல் அவருடைய தத்துவ வகுப்பை எடுக்கும் பொறுப்பு யாருக்கு வந்தது? போல்ட்ஸ்மனுக்கு! தமிழ் சினிமாவில்கூட இப்படி ஒரு திருப்பம் வைத்தால் நம்ப மாட்டார்கள்.

1906 செப்டம்பர் 5-ம் தேதி, குடும்பத்தோடு விடுமுறைக்குப் போயிருந்த துயினோ என்ற கடற்கரை ஊரில் போல்ட்ஸ்மன் தற்கொலை செய்துகொண்டார். மாக்தான் அவரைக் கொன்றார் என்கிற மாதிரி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அநியாயம். போல்ட்ஸ்மனுக்கு நீண்ட நாளாக மனச்சோர்வு நோய் இருந்தது, உடம்பும் கெட்டிருந்தது. ஒரு தத்துவச் சண்டையை ஒரு மரணத்தோடு முடிச்சுப் போடுவது கதைக்கு நன்றாக இருக்கும். வவுச்சர் கிடையாது.

என் வயிற்றைப் பிசைவது வேறு. போல்ட்ஸ்மன் சாவதற்கு ஒரு வருடம் முன்பே, 1905-ல், அவர் கட்சியை ஜெயிக்க வைக்கிற கட்டுரை வெளியாகிவிட்டது. எழுதியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே ஐன்ஸ்டைன். மாக்கின் கேள்வியை வைத்து நேரத்தை உடைத்த அதே வருடம், அதே கையால், மாக் நம்பாத அணுவுக்கு வக்காலத்து வாங்கினார்!

தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய துகள்கள் ஓயாமல் துடித்துக்கொண்டே இருப்பதை 1827-ல் பிரௌன் என்ற தாவரவியல்காரர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஏன் துடிக்கிறது? கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் மூலக்கூறுகள் நாலா பக்கமும் மோதுகின்றன, அதனால்தான். அப்படியானால் இத்தனை நேரத்தில் துகள் இத்தனை தூரம் நகர்ந்திருக்க வேண்டும் என்று ஐன்ஸ்டைன் கணக்குக் கொடுத்தார். சரிபார்க்க வேண்டியது யாராவது ஸ்டாக் எடுக்கிற ஆள்.

அவர் பாரிஸில் இருந்தார். ழான் பெரன். காம்போஜ் என்று ஒரு மஞ்சள் மரப்பிசின் உண்டு. ஓவியர்கள் வாட்டர்கலருக்கு உபயோகிப்பது. பெயரே கம்போடியாவிலிருந்து வந்தது. அதைத் தண்ணீரில் தேய்த்தால் குட்டிக் குட்டி உருண்டைகளாகப் பிரியும். ஆனால் எல்லாம் ஒரே அளவில் இருந்தால்தானே எண்ண முடியும்? சுழற்றிச் சுழற்றி வண்டல் பிரித்து, ஒரு கிலோ பிசினை மாதக்கணக்கில் போராடி, கடைசியில் ஒரு கிராம்கூடத் தேறாத அளவுக்கு ஒரே சைஸ் உருண்டைகளை எடுத்தார். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, இந்த மட்டத்தில் எத்தனை, கொஞ்சம் மேலே எத்தனை என்று ஆயிரக்கணக்கில் எண்ணினார். மலை ஏற ஏறக் காற்று குறைகிற மாதிரி, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு உயரத்துக்குள்ளேயே உருண்டைகள் குறைந்துகொண்டே போயின. அந்தக் குறைவிலிருந்து, குறிப்பிட்ட அளவு பொருளில் எத்தனை மூலக்கூறுகள் என்ற அவகாட்ரோ எண்ணைக் கணக்கிட்டார். 6-க்கும் 7-க்கும் பக்கத்தில் ஏதோ ஒன்று, பின்னால் 23 சைபர்.

இது மட்டும் என்றால் மாக் சிரித்திருப்பார். நீ எண்ணியது பிசின் உருண்டையைத்தானே, அணுவை இல்லையே! வாஸ்தவம். பெரனின் பலம் அடுத்த வேலையில்தான் இருக்கிறது. வானம் ஏன் நீலம் என்ற கணக்கிலிருந்து அதே எண்ணை எடுக்கலாம். ரேடியம் கக்குகிற ஹீலியத்திலிருந்து எடுக்கலாம். எலெக்ட்ரானின் மின்னூட்டத்திலிருந்து எடுக்கலாம். பழுக்கக் காய்ச்சிய பொருள் விடுகிற ஒளியிலிருந்தும் எடுக்கலாம். ஒன்றுக்கொன்று ஸ்நானப் பிராப்தி இல்லாத ஒரு டஜன் வழிகளுக்கு மேல் ஓர் அட்டவணையில் போட்டு 1913-ல் புத்தகமாக வெளியிட்டார். எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றன.

கணக்குப் பிள்ளைகளுக்கு இதைப் பார்த்ததும் உடம்பு சிலிர்க்கும். இதன் பெயர் பேங்க் ரிகன்சிலியேஷன்! நாம் எழுதுகிற கேஷ் புக் ஒன்று, பேங்க் எழுதுகிற பாஸ் புக் ஒன்று. இரண்டையும் எழுதுகிறவர்கள் வேறு வேறு ஆட்கள், ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. கடைசி பேலன்ஸ் ஒத்துப்போனால், நடுவில் நிஜமாகவே பணம் இருக்கிறது என்று அர்த்தம். லாக்கரைத் திறந்து நோட்டைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. வல்கனுக்கு இருந்தது ஒரே ஒரு கேஷ் புக்தான், பாஸ் புக் கிடையாது. நெப்டியூனுக்கு இரண்டு. அணுவுக்கு ஒரு டஜனுக்கு மேல்!

மாக் சறுக்கிய இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். 'வவுச்சர் எங்கே?' என்று கேட்டதில் தப்பே இல்லை. கண்ணால் பார்த்தது ஒன்றுதான் வவுச்சர் என்று முடிவு கட்டிக்கொண்டார். நல்ல ஆடிட்டர். ஆனால் தன் கண்ணால் பார்க்காத ரசீது எதையும் ரசீதாகவே ஏற்க மாட்டேன் என்கிற ஆடிட்டர்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. துப்பாக்கிக் குண்டு ஒலியைவிட வேகமாகப் பாயும்போது காற்றில் என்ன ஆகிறது என்பதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. 1886-ல் ஃபியூமே துறைமுகத்தில் சால்ச்சர் என்ற நண்பர் மூலம் குண்டை ஓடவிட்டு, அந்தக் காற்றலையைப் போட்டோ பிடிக்க வைத்தவர் மாக்தான். குண்டின் மூக்கில், படகு முன்னால் தண்ணீர் பிரிகிற மாதிரி, அலை விரிந்து நிற்கும் போட்டோ. அந்தப் புகழில்தான் பிற்பாடு 1929-ல் விமான வேகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். பார்க்க முடியாததைக் கண்ணாடிப் பிளேட்டில் பதிவு செய்து, 'இதோ அலை' என்று காட்டிய மனிதர், பிசின் உருண்டையின் துடிப்பை மட்டும் ஏன் ஏற்கவில்லை? இரண்டுக்கும் நடுவில் அவர் எங்கே கோடு கிழித்தார் என்று புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். எனக்குத் திருப்தியாக ஒரு பதிலும் கிடைக்கவில்லை.

அணு எதிர்ப்புக் கட்சியில் அவரோடு நின்ற ஓஸ்ட்வால்ட் 1909-ல் வெளிப்படையாகத் தோல்வியை ஒப்புக்கொண்டு கட்சி மாறினார். மாக் மாறவில்லை. நடுவில் லெனின் வேறு, ரஷ்யாவில் மாக்கின் சிஷ்யர்களான தோழர்கள்மேல் கோபம் வந்து, 1909-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதி அவரைச் சாத்தினார். 1908-ல் மாக்ஸ் பிளாங்க் லெய்டனில் பேசும்போது, அணுக்கள் நட்சத்திரங்கள் அளவுக்கு நிஜம், மாக்கின் சிக்கனத் தத்துவத்தால் விஞ்ஞானத்தில் ஒரு புதுப் பயிரும் விளையாது என்கிற தோரணையில் போட்டுத் தாக்கினார். மாக் 1910-ல் பதில் எழுதினார். அணுவை நம்பித்தான் ஆகவேண்டும் என்றால் இயற்பியல் ஒரு சர்ச் ஆகிவிட்டது. அந்தச் சபையிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன், எனக்கு யோசிக்கும் சுதந்திரம்தான் முக்கியம் என்று.

படித்தபோது ஒரு நிமிடம் கைதட்டத் தோன்றியது. அடுத்த நிமிடம் சங்கடமாக இருந்தது. எதிரில் பெரன் ஒரு டஜன் பாஸ் புக்கை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, 'என்னை நம்பச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதே' என்பது சுதந்திரமா, வீம்பா? மாக் திட்டினாரே, சாட்சி வேண்டாத தானே விளங்கும் உண்மைகள்... 'பார்த்தால்தான் இருக்கிறது' என்பதும் அந்த ஜாதியில் சேர்ந்துவிட்டதே! அதற்கு மட்டும் வவுச்சர் எங்கே, வாத்தியாரே?

ஆனாலும் அவரை முழுக்கத் தள்ளிவிட எனக்கு மனசில்லை. 2019 மே 20-ம் தேதியிலிருந்து அவகாட்ரோ எண் இவ்வளவுதான், ஓர் இலக்கம் கூடாது குறையாது என்று உலக அளவைகள் மாநாடு வரையறை செய்துவிட்டது. பெரன் மாதக்கணக்கில் எண்ணி எடுத்த எண், இப்போது எண்ணவே தேவையில்லாத விதிமுறை! பட்டு வேட்டி கட்டி மேடையில் ஏற்றியாகிவிட்டது. இன்னும் நூறு வருடம் கழித்து ஒரு மாணவன், 'இது எங்கிருந்து வந்தது சார்?' என்று கேட்டால், வாத்தியாருக்குப் பிசின் உருண்டை ஞாபகம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாக் மாதிரி ஒருவர் எழுந்து வந்து முறைப்பார்.

மாக் 1916 பிப்ரவரி 19-ம் தேதி, 78-வது பிறந்தநாளுக்கு மறுநாள், மியூனிக் பக்கத்தில் மகன் வீட்டில் இறந்தார். ஐன்ஸ்டைன் நெகிழ்ந்து அஞ்சலி எழுதினார். அப்புறம் வயதாக ஆக அவருக்கே மாக்கின் தத்துவத்தின்மேல் பிடிப்பு விட்டுப்போனது.

ஒரு கதை பாக்கி இருக்கிறது. வியன்னாவில் ரேடியம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஸ்டெஃபான் மேயர் என்ற இயற்பியலாளர் ரொம்பக் காலம் கழித்து நினைவுகூர்ந்தது. ஒரு சின்னக் குழாய், உள்ளே துளி ரேடியம், எதிரில் ஒரு திரை, மேலே ஒரு லென்ஸ். இருட்டில் கண்ணை வைத்துப் பார்த்தால் திரையில் பொட்டுப் பொட்டாக ஒளி தெறிக்கும். ஒவ்வொரு பொட்டும் ஓர் அணு உடைந்து வந்து விழுந்த இடம். வலது பக்கம் செயலிழந்த கிழவருக்கு அதைக் காட்டினார்களாம். அவர் பார்த்துவிட்டு, 'இப்போது நம்புகிறேன்' என்றாராம்.

நடந்ததா? மேயர் பொய் சொல்லக் காரணம் இல்லை. ஆனால் மாக் கடைசிவரை எழுதிய எதிலும் அந்த ஒப்புதல் இல்லை. பிளாங்க்குக்குக் கொடுத்த பதிலில் நேர்மாறாகத்தான் இருக்கிறது. அக்கவுன்ட்ஸில் இந்த மாதிரி பதிவுகளுக்கென்றே ஒரு தலைப்பு உண்டு, சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்று. இதையும் அதிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.